டிக் போடாத மாடிகள்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள வாலுக்கு,

வீட்டில் எல்லோரும் உன்னைக் கூப்பிடுகிற பெயர் என்பதால் அப்படியே எழுதிவிட்டேன். 'அன்புள்ள' என்பதைப் பழக்கதோஷம் என்று எடுத்துக்கொள். நலமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

போனில் கேட்காமல் ஏன் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பதிவு செய்து உங்கள் கட்சிப் பக்கத்தில் போட்டுவிடுவாய். என் தாளைப் போட்டவளுக்கு என் குரலைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டி, மேலே டேப்பும் சுற்றியிருக்கிறேன். பிரிந்திருந்தால் எனக்குச் சொல். எனக்குப் புருஷன்தான், ஆனால் உனக்கு அண்ணன். இந்த நேரத்தில் நான் யாரையும் நம்புவதாக இல்லை.

நேற்று காலை பள்ளிக்கூட ஆபீஸில் நுழைந்ததும், பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்காரும் டைப்பிஸ்ட் என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள். பார்த்தால் என் கையெழுத்து. வார்டு தேர்தலில் நிற்கும் எங்கள் பல் டாக்டருக்காக நான் வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்ட தாள். ஒரு கட்டடத்துக்கு ஒரு தாள், மாடிவாரியாகக் கதவு எண், போய்ப் பேசிய வீட்டுக்கு டிக். நீ போட்டது ஆறாம் எண் கட்டடத்தின் தாள். கீழே இரண்டு மாடிக்கு டிக் இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து காலி. அந்த மூன்று மாடியிலும் கப்பல் பட்டறை வேலைக்கு வந்து குடியேறியவர்கள். நிறம் வேறு, பேச்சு வேறு. அது போதும் உனக்கு. "மேல்மாடியில் இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா? பல் டாக்டர் கட்சியின் இனவெறி, அவர்கள் கையெழுத்திலேயே" என்று தலைப்புப் போட்டுவிட்டாய். என் பெயரைப் போடவில்லை என்று சொல்லாதே. தாளின் அடியில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மதியம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். பட்டறைக் குடும்பங்களின் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் எங்களிடம் படிக்கிறார்கள். பெற்றோர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை விசாரணை. புகார் உண்மை என்று முடிவானால் வேலை போய்விடும். ஓய்வுபெற எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

இரண்டே கேள்வி. என் தாள் உன் கைக்கு எப்படி வந்தது? அதைப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்ய ஏன் தோன்றவில்லை?

உன் அண்ணி


மார்ச் 5, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

டேப் பிரியவில்லை. பிரிக்க நான்தான் கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது. அண்ணன் வாசலிலேயே நின்று, "என்ன எழுதியிருக்கா?" என்றார். சமையல் குறிப்பு என்றேன். "அதுக்கு எதுக்கு இத்தனை டேப்பு?" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

விசாரணை வரை போகும் என்று நான் நினைக்கவில்லை. அதற்காகப் போட்டதை எடுக்கமாட்டேன். நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று மாடியும் ஏன் காலி? உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் செய்தது எல்லாம் அதில் இருக்கிறது. இதற்குப் பதில் மட்டும் இல்லை.

அந்த ஐந்தாம் மாடியில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. உங்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரரும் அதே பட்டறையில் வெல்டர், அவருக்கும் அதே நிறம். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார், இப்போது எனக்குச் சமையலறை அலமாரி செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் ஒருமுறைகூட எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. புதுவீடு புகுந்த அன்று காய்ச்சல். அடுத்த முறை ஆபீஸ் கணக்கெடுப்பு. அப்புறம் மழை. பிறகு நானே கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

நாங்கள் அங்கே சாப்பிட வரும்போது உங்களுக்கு, அண்ணனுக்கு, எனக்கு எல்லாம் வீட்டுத் தட்டு. என் வீட்டுக்காரருக்கு மட்டும் கண்ணாடி அலமாரியிலிருந்து பூப்போட்ட விருந்தாளித் தட்டு. முதல் தடவை மரியாதை என்று நினைத்தேன். நான்கு வருஷமாக அதே தட்டு. அவரை நீங்கள் 'சார்' என்று கூப்பிடுகிறீர்கள். என் புருஷன் உங்களுக்குத் தம்பி முறை அண்ணி. வீட்டு மனுஷனை யாராவது சார் என்பார்களா?

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தவள் கைக்கு அந்தத் தாள் வந்தது. யோசிக்க என்ன இருக்கிறது?

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். திருடவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வால்


மார்ச் 7, சனி

மருந்துக்கடை அம்மணிக்கு,

'அவ்வளவுதான் சொல்ல முடியும்' என்று எழுதுகிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் நான் தினமும் பார்க்கிறேன். ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நிற்கும் ஏழாம் வகுப்புக்காரர்கள்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். என் பை கூடத்தில் இருந்தது. பத்து நிமிஷம் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். அதில்தான் எடுத்திருப்பாய் என்று முடிவு கட்டியிருந்தேன். நேற்று நீ போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காம் மாடி வரிசைக்குள்ளே மங்கலாகப் பென்சில் எண்கள், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கின்றன. தாளின் பின்பக்கம் யாரோ எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு 7, நடுவில் கோடு போட்ட 7. முப்பது வருஷமாக என் வீட்டுச் சுவர், காலண்டர், கரண்டு பில் எல்லாவற்றிலும் அந்த 7ஐத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆக, அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் செய்திருக்கிறீர்கள். அவர் இப்போது எதிரில் உட்கார்ந்து காதில் பென்சிலோடு சாப்பிடுகிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலி மாடி ஏன் என்றால், நேரம் இல்லை. போதுமா?

வியாழக்கிழமை ஒரு அம்மா பிள்ளையின் சான்றிதழ் வாங்க வந்தாள், பட்டறைக் குடும்பம். என் ஜன்னலில் வரிசையே இல்லை. அவள் போய் டைப்பிஸ்ட் ஜன்னலில் ஏழு பேருக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குச் சேர்க்கைப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி


மார்ச் 9, திங்கள்

அண்ணிக்கு,

அண்ணனைத் திட்டாதீர்கள். அவருக்கு எதுவுமே தெரியாது. அதனால்தான் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன்.

அலமாரிக்குப் பலகை அறுக்கும்போது ஞாபகத்துக்கு என்று அளவை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உயரம் 72, ஆழம் 14, நான்கு தட்டு. அவருக்குத்தான் எந்தக் காகிதம் கிடைத்தாலும் அதன் பின்னால் எழுதுகிற வியாதி உண்டே. என் கல்யாணப் பத்திரிகையிலேயே கட்டில் அளவு எழுதினவர். உங்கள் மேஜையில் கிடந்த தாளை எடுத்து எழுதியிருக்கிறார். நான் திருப்பிப் பார்த்தேன்.

பார்த்ததற்கும் போட்டதற்கும் நடுவில் ஐந்து நிமிஷம்கூட இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நான்கு வருஷமாக மனதில் இருந்த சந்தேகத்துக்கு இதோ சாட்சி என்று. எங்கள் வேட்பாளர் வக்கீலம்மாவின் ஆட்கள் சாயங்காலத்துக்குள் மூவாயிரம் பேருக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "அவங்களக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல?" என்றார். உங்களுக்காகத்தானே போட்டேன் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பட்டறைக்குப் போய்விட்டார்.

ஆனாலும் அண்ணி, 'நேரம் இல்லை' என்பதை நான் நம்பவில்லை. உங்கள் மற்றத் தாள்களையும் அனுப்புங்கள். எல்லாக் கட்டடத்தையும் பார்க்கிறேன். நான் எழுதியது தப்பென்றால் நானே எழுதிக் கொடுப்பேன், உங்கள் ஹெட்மாஸ்டருக்கும் சேர்த்து.

வால்


மார்ச் 11, புதன்

பதினான்கு கட்டடம். மீதிப் பதின்மூன்று தாளும் இதில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை என்று உன் அண்ணனிடம் உறுதி வாங்கியிருக்கிறேன்.

அவரை விசாரித்தேன். "அந்தத் தாளா? காலியாத்தான கெடந்துச்சு" என்றார். ஒரு பக்கம்தான் காலி என்றேன். "நான் பாத்தது அந்தப் பக்கம்" என்கிறார். இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்ததுதான் மிச்சம்.

தாள்களைத் திருப்பி அனுப்பு. கட்சி ஆபீஸில் கேட்கிறார்கள். அங்கேயும் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பல் டாக்டர் என்னை இனி வீதிக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். உங்கள் கட்சி என்னை இனவெறிக்காரி என்கிறது. எங்கள் கட்சி என்னை நீ அனுப்பிய ஆள் என்கிறது. நாத்தனார் அந்தக் கட்சியாமே என்று காதுபடப் பேசுகிறார்கள்.

அண்ணி


மார்ச் 14, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

பதினான்கு தாளையும் சமையலறைத் தரையில் பரப்பி, நானும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் எந்தெந்த மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் நான் குறித்துக்கொண்டே போனேன். மூன்றாம் எண் கட்டடத்தில் ஏழாம் மாடியில் பட்டறைக் குடும்பங்கள் இருக்கின்றன, அங்கே எல்லா வீட்டுக்கும் டிக் போட்டிருக்கிறீர்கள். ஒன்பதாம் எண்ணில் மேலே முழுக்க நம் ஆட்கள், அங்கே காலி. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர்தான் மெதுவாக, "மூணாம் நம்பர்ல லிப்ட் இருக்கு" என்றார்.

லிப்ட் உள்ள ஐந்து கட்டடத்திலும் உச்சி மாடி வரை போயிருக்கிறீர்கள். லிப்ட் இல்லாத ஒன்பதிலும் இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு டிக்கூட இல்லை. "அவங்க சாப்பிட்டு எழுந்திருக்கும்போது ரெண்டு கையையும் மேஜையில ஊனித்தான் எழுந்திருப்பாங்க. நீ பாத்ததில்லையா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை அண்ணி. நான் அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தினமும் இருபது பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறார்கள். படியேறும்போது வலியா, இறங்கும்போது வலியா என்று கேட்டுக் கேட்டு மாத்திரை கொடுக்கிறேன். வீட்டு மனுஷியைக் கேட்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். என்னை என்ன திட்டினாலும் தகும்.

போட்டதை எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று அதே இடத்தில் எழுதியும் போட்டேன். அது முப்பது பேரைக்கூடப் போய்ச் சேரவில்லை. தேர்தலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று பக்கத்தின் பொறுப்பை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். போகட்டும். ஹெட்மாஸ்டருக்கு எழுதிய கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எந்தக் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது, எதில் இல்லை என்ற கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைக் கொடுங்கள்.

இன்னொன்று. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. அதனால்தானே நீங்கள் வரவில்லை? நான்கு வருஷமாக நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். அதை நினைத்தால் அழுகையும் வருகிறது, ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது. முழங்கால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உங்கள் வால்


மார்ச் 17, செவ்வாய்

அன்புள்ள வாலுக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' என்பதைப் பழக்கதோஷமாக எழுதவில்லை.

முழங்கால்தான். பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் ஊழியர்கள் பள்ளிக்கூடத்தின் மூன்று மாடியும் ஏறி இறங்க முடியும் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எனக்கு முன்னால் இருந்த கிளார்க்கம்மா முடியாது என்று எழுதினாள், அடுத்த மாதம் வீட்டில் இருந்தாள். அதனால் உன் கடையில் மாத்திரை வாங்காமல் இரண்டு பஸ் மாறிப் போய் வேறு கடையில் வாங்குகிறேன். ஓட்டுக் கேட்கக் கூப்பிட்டபோது மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று போனேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்பாடா, பிழைத்தோம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாளாக அந்தச் சாவி என் இடுப்பை உறுத்துகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன். நன்றாக உட்கார்ந்து படி.

லிப்ட் இல்லாத ஒன்பது கட்டடத்தில் எட்டுக்கு, 'மேலே நீங்கள் போய்விட்டு வாருங்கள்' என்று எங்கள் கட்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரரிடம் சொன்னேன். அவரும் போனார். அவருடைய தாள் தனி, அதனால் உனக்குத் தெரியாது. ஆறாம் எண்ணுக்கு மட்டும் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. அங்கே போய் என்ன ஆகப் போகிறது என்று இருந்தது. அவர்களிடம் நமக்கு என்ன பேச்சு என்று இருந்தது. இதை மனதில்கூட நான் வார்த்தையாகச் சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது எழுதும்போதுதான் எப்படி இருக்கிறது என்று தெரிகிறது.

இன்னொன்று இதைவிடக் கஷ்டம். நான் ஏணியிலிருந்து விழுந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். உனக்குக் கல்யாணம் ஆனது நான்கு வருஷத்துக்கு முன்னால். முதல் இரண்டு வருஷம் எனக்கு முழங்கால் வலியே கிடையாது.

நீ புதுவீடு புகுந்த அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு, உனக்கு வாங்கிய குக்கரைத் தூக்கிக்கொண்டு உன் கட்டட வாசல் வரை வந்தேன். மேலேயிருந்து உன் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. ஒரு வார்த்தை புரியவில்லை. நாலைந்து பேர் என்னைத் தாண்டிப் படியேறிப் போனார்கள். ஒருவர் குக்கரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் குக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு மேலே போனார். நான் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, குக்கரை உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். அப்புறம் முழங்கால் வந்தது. உண்மையைச் சொன்னால், வந்தபோது எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இனிமேல் நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொள்ள வேண்டாமல்லவா?

நீ அவசரப்பட்டது நிஜம். என்னைக் கேட்காமல் ஊருக்குச் சொன்னது தப்பு. அந்தத் தாளை வைத்து நீ எழுதியது சரியில்லை. ஆனால் என்னைப் பற்றி நீ சந்தேகப்பட்டது முழுக்கப் பொய்யில்லை. இது தெரியாமல் நீ போட்ட கையெழுத்தை நான் எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், அந்தச் சான்றிதழ் வாங்க வந்த அம்மாவின் முகத்தில் என்னால் முழிக்க முடியாது. உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் போய் முழங்காலையும் சொல்லிவிடுகிறேன், தபால்காரர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை என்ன ஆகுமோ தெரியாது.

தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. மறைக்காதே.

உன் அண்ணி


மார்ச் 19, வியாழன்

அண்ணிக்கு,

காட்டினேன். அவர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "அன்னைக்கு அவங்கள வாசல்ல நான் ஜன்னல்லேருந்து பாத்தேன்" என்றார். நான்கு வருஷமாக என்னிடம் சொல்லவில்லை. ஏன் என்றேன். "சொன்னா நீ சண்டைக்குப் போவ" என்றார். என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. கை நீட்டினது அவருடைய சித்தப்பாவாக இருக்கும். எல்லோருக்கும் முந்திக்கொண்டு சுமை வாங்குகிறவர் அவர்தான். அதை நினைத்தால் உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. முழங்கால் என்று நம்பி மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேனே, அதையும் கெடுத்துவிட்டீர்கள். ஆனால் அந்த மூன்று நாளில் நீங்கள் சும்மா இருந்திருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரிகிறது.

ஹெட்மாஸ்டருக்கு எழுதியதைக் கிழிக்கவில்லை. திருத்தி எழுதினேன். நான் பார்த்தது ஒரு தாள், கேட்காமல் போட்டேன், நான் எழுதியதற்கு என்னிடம் சாட்சி இல்லை என்று மட்டும் எழுதி, இன்று காலை நானே பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். மீதியை நாளைக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். உள்ளே வரமாட்டேன்.

உங்கள் உறையின் பின்பக்கம் பார்த்தீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள், நீங்கள் கொடுத்தனுப்பிய பிறகுதான் எழுதியிருக்கிறார். டேப் பிரியவில்லை, பிரித்துப் படிக்கவும் இல்லை. பென்சிலில், கோடு போட்ட 7ஓடு, இப்படி இருக்கிறது: 'வால் வீடு. படிக் கைப்பிடி, 3 மாடி. ஒரு மாடிக்கு 17 அடி. உயரம் அவளுக்குத் தோதாக 33 அங்குலம். இரும்பு, மாப்பிள்ளையைக் கேட்கவும்.' முழங்கால் விஷயம் அண்ணனுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். "ஒரே வீட்லதான இருக்கோம்" என்றார்.

இரண்டு பேரும் இப்போது படியில்தான் இருக்கிறார்கள். அவர் குழாயை வெட்டிப் பற்றவைக்கிறார். அண்ணன் பக்கத்தில் நின்று, மரமாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டடமே புகை. நாளைக்குப் பெயிண்ட் அடிப்பார்களாம், காய இரண்டு நாள் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை வைத்தால் ஒட்டாது என்று உங்கள் தம்பி சொல்லச் சொன்னார்.

வால்